சட்டைப்பையில் இருந்த அப்பம்: மலையகக் கத்தோலிக்க ஆரம்பப் பாடசாலை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நுவரெலியா மாவட்டத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறிய நகரம். பஸ் நிலையத்திலிருந்து மேலே ஏறினால் கத்தோலிக்கக் கோயில், அதன் மதிலை ஒட்டிப் பாடசாலை. தரம் 1 முதல் 5 வரை தமிழ்மொழி மூலம் நடக்கிறது. நிர்வாகம் துறவற சபைச் சகோதரிகளிடம், ஆசிரியர் சம்பளம் அரசிடமிருந்து. 1960, 61இல் நாட்டின் கத்தோலிக்கப் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றபோது சபைகளின் கையில் எஞ்சியவை கொஞ்சம்தான். அப்படி எஞ்சியவற்றுள் இதுவும் ஒன்று என்பதால் ஊரில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. "சிஸ்டர்மார் பள்ளிக்கூடத்துல சேத்தா பிள்ளை ஒழுங்கா வரும், புலமைப்பரிசிலும் பாஸ் பண்ணும்" என்று லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) பேசிக்கொள்வார்கள்.

இலங்கையில் கத்தோலிக்கர் 100க்கு 6 பேர் அளவில்தான். மலையகத் தோட்டங்களில் பெரும்பான்மையோர் சைவர்கள். எனவே இந்தப் பாடசாலையிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சைவப் பிள்ளைகளே. காலைக் கூட்டத்தில் கத்தோலிக்கச் செபம் சொல்லப்படும். திருநாள் வந்தால் எல்லாப் பிள்ளைகளும் கோயிலுக்குப் போவார்கள். பல தலைமுறையாக இது இப்படியே நடந்து வந்ததால் யாரும் இதைப் பற்றித் தனியாகப் பேசியதில்லை.

நான் இந்தப் பங்கின் (இந்தக் கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகத்தின்) மறைக்கல்விப் பொறுப்பில் இருக்கிறேன். ஒரு திருநாள் திருப்பலியில் (பூசையில்) சைவச் சிறுவன் ஒருவன் நற்கருணை அப்பத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதால் எழுந்த பிரச்சினைக்குப் பிறகு நடந்த கூட்டங்களில் குறிப்பெடுக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. குடும்பமும் பாடசாலையும் சம்மதித்த பின்பே எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டுவிட்டேன்.

திருநாள் காலை

பாடசாலையின் பாதுகாவலரான புனிதரின் திருநாள் இரண்டாம் தவணையில் வந்தது. திருப்பலிக்கு வெளிப்பங்கு ஒன்றிலிருந்து அருட்தந்தை வந்திருந்தார். அவருக்கு இந்தப் பிள்ளைகளைத் தெரியாது. எல்லோரும் வெள்ளைச் சீருடை, எல்லோர் நெற்றியும் வெறுமை. திருநாள் அன்று திருநீறு பூசாமல் வருவது எழுதப்படாத வழக்கமாக இருந்தது. அதை யார் தொடங்கினார்கள் என்று பிறகு விசாரித்தும் தெரியவில்லை.

நற்கருணை வேளையில் தரம் 4 வரிசை எழுந்தது. அந்த வகுப்புக் கத்தோலிக்கப் பிள்ளைகள் சில வாரங்களுக்கு முன்புதான் முதல் நன்மை எடுத்திருந்தார்கள், அதாவது முதன்முறையாக நற்கருணை வாங்கியிருந்தார்கள். அவர்களோடு ஒரு சைவச் சிறுவனும் எழுந்து போனான். கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நீட்டினான், "ஆமென்" என்றான், வாங்கினான். ஒரு தடுமாற்றமும் இல்லை.

பூசை முடிந்து பிள்ளைகள் பாடசாலைக்குத் திரும்பும்போது, அவன் வலது கையால் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டே நடப்பதை வகுப்பாசிரியை கண்டார். கூட்டத்தில் யாராவது இடித்தால் உடம்பை ஒருபக்கம் திருப்பிக்கொண்டானாம்.

"மகன், பையில என்ன?"

"தங்கச்சிக்கு, டீச்சர். கோயில்ல குடுத்தது."

பைக்குள் ஒரு பென்சில் துண்டும், இரண்டாக உடைந்த நற்கருணை அப்பமும் இருந்தன. அப்பத்தின் ஓரத்தில் பென்சில் கரி ஒட்டியிருந்தது.

பக்கத்தில் நின்ற இன்னொரு ஆசிரியை பதறிச் சத்தம் போட்டுவிட்டார். அவருடைய பதற்றம் எனக்குப் புரிகிறது. நற்கருணையை ஆண்டவரின் உடலாக நம்புகிற எவருக்கும் அந்தக் காட்சி நெஞ்சில் அடிக்கும். சிறுவனோ தான் எதையோ திருடிவிட்டதாக நினைத்து அழத் தொடங்கினான்.

அதிபரான சிஸ்டர் அவனைக் கையோடு அழைத்துக்கொண்டு கோயிலின் பின்னறைக்குப் போனார். அருட்தந்தை உடைந்த துண்டுகளை எடுத்து, சட்டைப்பையை வெளியே திருப்பி அதிலிருந்த துகளையும் தட்டி, ஒரு கிண்ணத் தண்ணீரில் இட்டார். நற்கருணை அப்பம் கரைந்த பின் அந்தத் தண்ணீரைக் கால்படாத மண்ணில் ஊற்றுவது திருச்சபையின் வழக்கம். அதை முழுதாகச் செய்து முடிக்கும்வரை அவர் பேசவே இல்லை. பிறகு சிறுவனிடம், "நீ களவெடுக்கலடா. நாங்க உனக்குச் சொல்லித் தரல்ல, அவ்வளவுதான்" என்றார். சிஸ்டர் அவனுக்கு ஒரு கோப்பை பால்தேநீர் கொடுத்து வகுப்புக்கு அனுப்பினார்.

விசாரித்தபோது தெரியவந்தவை

சிறுவன் அன்று செய்ததற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. இரண்டும் பாடசாலைக்கு உள்ளேயே இருந்தன.

முதலாவது, சமய பாடவேளை. பிள்ளை தன் பெற்றோரின் சமயத்தைப் பாடமாகப் படிப்பது இலங்கைப் பாடசாலைகளில் நெடுங்காலமாக உள்ள ஒழுங்கு. சைவப் பிள்ளைக்குச் சைவப் பாடநூல் இலவசமாக வந்துவிடும். இங்கேயும் வந்திருந்தது. ஆனால் அதைக் கற்பிக்க ஆளில்லை. சைவ ஆசிரியை ஒருவர் மாற்றலாகிப் போன பின் அந்த இடம் நிரப்பப்படவில்லை. தரம் 5இல் சைவப் பிள்ளைகள் அந்த நேரத்தில் புலமைப்பரிசில் பரீட்சைக்கான கணக்குச் செய்தார்கள். தரம் 3இலும் 4இலும் கத்தோலிக்க வகுப்பின் பின்வாங்கில் உட்கார்ந்து படம் கீறினார்கள்.

முதல் நன்மைக்கான ஒத்திகையும் அதே வகுப்பறையில்தான் நடந்தது. மந்திரிக்கப்படாத அப்பத்தை வைத்து, எப்படி நடந்து வருவது, எந்தக் கை மேலே, எப்போது "ஆமென்" என்று பலமுறை பழக்கினார்கள். பின்வாங்கில் இருந்தவன் அதை முன்வாங்கில் இருந்தவர்களைவிட நன்றாகக் கற்றுக்கொண்டான். அவனுக்குக் கூர்மையான கண்.

இரண்டாவது, பாண் (ரொட்டி). ஜூன் 13 புனித அந்தோனியார் திருநாள். அன்று ஆசீர்வதித்த பாணை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்பது இங்கே வழக்கம். அந்தோனியார் மீது சைவர்களுக்கும் பெரிய பற்று உண்டு. மாத்தளை மாவட்டத்து வாகாக்கோட்டைத் திருத்தலத்துக்குச் சமய வேறுபாடு பார்க்காமல் போகிறார்கள். அந்தப் பாணைச் சிறுவன் வீட்டுக்குக் கொண்டுபோய் தங்கைக்கும் அப்பாயிக்கும் பிய்த்துக் கொடுத்திருக்கிறான். அப்பாயி கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார். மாரியம்மன் கோயில் பிரசாதத்தையும் அப்படித்தானே பகிர்ந்துண்பார்கள். கோயிலில் கொடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் அவன் வளர்ந்த முறை. அவன் மரியாதைக் குறைவாக எதுவும் செய்யவில்லை. தெரிந்த மரியாதையைத்தான் செய்தான்.

இதோடு நிற்கவில்லை. சம்பவத்துக்குப் பிறகு தரம் 4 கத்தோலிக்கப் பிள்ளைகளிடம் மறையாசிரியை ஒரு கேள்வி கேட்டார்: அந்தோனியார் பாணுக்கும் நற்கருணைக்கும் என்ன வித்தியாசம்? "பாண் பெரிசு" என்றது ஒரு பிள்ளை. "பாண் செவ்வாய்க்கிழமை, நன்மை ஞாயிற்றுக்கிழமை" என்றது இன்னொன்று. சரியாகச் சொன்னவர்கள் சிலர்தான். திருத்தந்தை பத்தாம் பயஸ் 1910இல் முதல் நன்மைக்குரிய வயதை ஏறக்குறைய 7 என்று இறக்கியபோது வைத்த நிபந்தனை, பிள்ளைக்கு நற்கருணை அப்பத்துக்கும் சாதாரண அப்பத்துக்கும் வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான். நம் பிள்ளைகளுக்கு நடை தெரிந்திருந்தது, கை வைக்கத் தெரிந்திருந்தது. என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வில் மிகவும் கவலை தரும் விஷயம் இதுவே. சைவப் பிள்ளைகளைப் பின்வாங்கில் வைத்துக்கொண்டு நடத்திய பாடத்தில் யாரையும் குழப்பாமல் இருக்க வேண்டும் என்று ஆசிரியை விளக்கத்தைக் குறைத்தார், பயிற்சியைக் கூட்டினார். கடைசியில் சைவப் பிள்ளைக்குச் சைவமும் கிடைக்கவில்லை, கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கமும் கிடைக்கவில்லை.

வீட்டுக்குச் சொல்வதா, விடுவதா

அன்று மதியம் ஆசிரியர் அறையில் இரண்டு கருத்துகள் இருந்தன. அவன் அதைச் சாப்பிடவே இல்லை, நாமே பேசிப் பெரிதாக்க வேண்டாம் என்றனர் சிலர். சிஸ்டர் ஒப்பவில்லை. பிள்ளை சொல்லாமல் இருக்க மாட்டான். அப்படியே அவன் சொல்லாவிட்டாலும், பெற்றோரிடம் மறைக்கும்படி ஒரு பிள்ளைக்கு நாம் பழக்கக்கூடாது என்றார். நான் அந்த முடிவை இன்றும் மதிக்கிறேன்.

தாய் கொழுந்து பறிப்பவர். தந்தை கொழும்பில் ஒரு கடையில் வேலை. தாய் மலையிலிருந்து இறங்கி வரும் நேரம் பார்த்து, மாலையில் லயத்துக்குப் போவதாகச் சிஸ்டர் முடிவு செய்தார். ஆனால் அதற்குள் பாடசாலை வான் வண்டியில் வந்த பிள்ளைகள் மூலம் செய்தி முன்னே போய்விட்டது. அது போய்ச் சேர்ந்த விதம்: "அவனுக்கு வேதக்கோயில்ல நன்மை குடுத்துட்டாங்க." வேதம் என்று லயத்தில் சொல்வது கிறிஸ்தவத்தை.

சிஸ்டர் வாசலில் நின்றபோது தாய் ஒன்றும் பேசவில்லை. பேசியது பெரியப்பா. அவர் தோட்டத்து மாரியம்மன் கோயில் குழுவில் இருப்பவர்.

"சிஸ்டர், ஒங்க மேல எங்களுக்கு மரியாதை இருக்கு. நானும் அந்த ஸ்கூல்லதான் படிச்சேன். ஆனா ஒண்ணு கேக்குறேன். எங்க பிள்ளைய வேதத்துல சேக்கிறதுக்குத்தான் இதெல்லாம் பழக்குறீங்களா?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் வேறொரு கதையும் இருந்தது. அந்தத் தோட்டத்தில் வேறு குழுக்கள் லயத்துக்கு லயம் வந்து செபக்கூட்டம் நடத்தியதில், ஒரே வீட்டுக்குள் அண்ணன் தம்பி பேசாமல் போன குடும்பங்கள் இருந்தன. லயத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் குழுக்களும் கத்தோலிக்கக் கோயிலும் ஒன்றுதான், எல்லோரும் வேதக்காரர்.

சிஸ்டர் நடந்ததை ஒழுங்காகச் சொன்னார். பிள்ளை அப்பத்தைச் சாப்பிடவில்லை என்பதைக் கடைசியில்தான் சொன்னார். அதை முன்னால் வைத்துத் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை என்று பிறகு எங்களிடம் கூறினார். "பிள்ளை மேல பிழை இல்ல. சைவ பாடம் நடக்காம இருந்தது பாடசாலையோட பொறுப்பு" என்றார். அந்த இடத்தில்தான் தாய் வாயைத் திறந்தார். "சிஸ்டர், அவன் தேவாரப் புத்தகத்த வீட்டுல வச்சிருக்கான். ஒரு பக்கமும் படிச்சுக் குடுக்கலன்னு சொல்லுவான். நாங்க கேட்டா நல்லாருக்காதுன்னு கேக்கல்ல."

கேட்டால் நன்றாயிராது என்று ஒரு தாய் நினைக்கும்படி நாம் நடந்திருக்கிறோம். குறிப்பேட்டில் இந்த வாக்கியத்தை அப்படியே எழுதி வைத்தேன்.

கூட்டங்களும் முடிவுகளும்

அடுத்த வாரம் பெற்றோரை இரண்டு பகுதியாக அழைத்தார்கள். இரண்டு பக்கமும் கோபம் இருந்தது. கத்தோலிக்கப் பெற்றோர் சிலர், சைவப் பிள்ளைகளை இனித் திருப்பலிக்கே கூட்டிவரக் கூடாது என்றார்கள். சைவப் பெற்றோர் சிலரும் அதையேதான் கேட்டார்கள், காரணம் மட்டும் வேறு. எல்லோரும் ஒரே முடிவைக் கேட்கும்போது அதை எடுத்துவிடுவது இலகு. பங்குத்தந்தை அவசரப்படவில்லை.

அவர் இரண்டு விஷயங்களை எடுத்துச் சொன்னார். இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் மதச் சுதந்திரத்தையும் உறுதிப்படுத்துகிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்காக அதைப் பெற்றோர் காக்கிறார்கள், நாம் குறுக்கே நிற்கக்கூடாது. அடுத்தது, இரண்டாம் வத்திக்கான் சங்கம் கத்தோலிக்கக் கல்வி பற்றிய அறிக்கையையும், பிற சமயங்களோடு திருச்சபைக்குள்ள உறவு பற்றிய அறிக்கையையும் ஒரே நாளில், 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்டது. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாவது அறிக்கையில் இருக்கிறது. "கத்தோலிக்கப் பாடசாலை நடத்துறவங்க ரெண்டையும் சேர்த்துத்தான் படிக்கணும்" என்றார்.

எடுத்த முடிவுகளில் முதலாவது சைவ பாடம் பற்றியது. கணிதம் கற்பிக்கும் சைவ ஆசிரியர் ஒருவர் தரம் 3, 4 பிள்ளைகளைச் சேர்த்து எடுக்க முன்வந்தார். தரம் 5க்கு, ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கேட்டு வரவழைத்தது. நிரந்தர ஆசிரியருக்காக வலயக் கல்விப் பணிமனைக்கு விண்ணப்பம் போனது. இரண்டு சமய பாடமும் ஒரே வேளையில், வெவ்வேறு அறைகளில். சைவ வகுப்புக்கு நூலக அறை கொடுக்கப்பட்டது. அங்கே மாட்ட ஒரு பிள்ளையார் படத்தைப் பெரியப்பாவே கொண்டுவந்தார். படம் மாட்டுவது பற்றி ஆசிரியர் இருவருக்குத் தயக்கம் இருந்தது. சிஸ்டர் ஆணி அடிக்கச் சொன்னார்.

திருப்பலிக்கு வருவது இனிப் பெற்றோரின் விருப்பம். துண்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வராத பிள்ளைகளைச் சும்மா வகுப்பில் அடைத்து வைக்காமல், அந்த நேரத்தில் சைவ ஆசிரியர் அவர்களோடு இருப்பார். திருநீற்றோடு வரும் பிள்ளையை யாரும் அழிக்கச் சொல்லக்கூடாது, திருநாளாக இருந்தாலும்.

நற்கருணை வேளையில் பிற சமயப் பிள்ளைகள் கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு வந்து ஆசீர் பெறலாமா என்ற யோசனை நீண்ட நேரம் பேசப்பட்டது. சில நாடுகளில் அப்படிச் செய்கிறார்கள். பங்குத்தந்தைக்கு இதில் உடன்பாடில்லை. அந்த வரிசை நன்மை எடுக்கும் வரிசை, அதில் வேறொன்றைச் சேர்த்தால் மறுபடியும் பிள்ளைகளுக்குத் தெளிவு போய்விடும் என்றார். சைவப் பெற்றோருக்கும் அந்த வரிசையில் தங்கள் பிள்ளை நிற்பது பிடிக்கவில்லை. ஆகவே எழாமல் இருப்பது, பூசை முடிந்தபின் வாசலில் நிற்கும் குருவிடம் விரும்பிய பிள்ளைகள் எந்தச் சமயமானாலும் தலையில் கைவைத்து ஆசீர் வாங்கிக்கொள்வது என்று முடிவானது. வரிசையின் இரு முனையிலும் அந்த வகுப்பை அறிந்த ஆசிரியர் இருப்பார். வெளியிலிருந்து வரும் குருவுக்கு முன்கூட்டியே சொல்லப்படும்.

முதல் நன்மை ஆயத்தம் பாடசாலையிலிருந்து எடுக்கப்பட்டு, பங்கின் ஞாயிறு மறைக்கல்விக்குக் கொடுக்கப்பட்டது. பாடசாலையில் கத்தோலிக்க பாடம் பாடமாக மட்டும் நடக்கும். இது என் பக்கத்து வேலையைக் கூட்டியது, ஆனாலும் சரியான முடிவு.

வகுப்பறையில் எழுந்த கேள்வி

தரம் 4 கத்தோலிக்க வகுப்பில் ஒரு சிறுமி மறையாசிரியையிடம் கேட்டாள்: "டீச்சர், அவன் நல்லவன்தானே. எனக்கு அடிச்சவனே நன்மை எடுக்கிறான். அப்ப ஏன் அவனுக்கு மட்டும் இல்ல?"

ஆசிரியை உடனே பதில் சொல்லவில்லை. அடுத்த பாடவேளையில் சொன்னார். நன்மை நல்ல பிள்ளைக்குக் கிடைக்கும் பரிசு கிடையாது. அதை வாங்கும்போது, இது இயேசுவின் உடல் என்று நம்புகிறேன், இந்தத் திருச்சபையோடு சேர்ந்தவள் நான் என்று நீ வாய்விட்டுச் சொல்கிறாய். அவனை அப்படிச் சொல்லச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை, அவன் அம்மா அப்பாவும் கேட்கவில்லை. அவன் நம்பாத ஒன்றை அவனைச் சொல்ல வைத்தால் அது அவனுக்குச் செய்கிற அநியாயம். உனக்கு அடித்தவன் எடுக்கிறானே என்றால், அவன் முதலில் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். (அவன் கேட்டான். வகுப்பே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்ததால் வேறு வழியும் இருக்கவில்லை.)

அதே வாரத்தில் புனித ஜோசப் வாஸ் அடிகளைப் பற்றிப் பாடம் வந்தது. 1692இல் கண்டிக்கு வந்தவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று சிறையில் வைத்தார்கள். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி மக்கள் ஊரைவிட்டு ஓடியபோது, எந்த மதத்தவர் என்று பாராமல் நோயாளிகளைக் கவனித்தவர் அவர். வழக்கமாக ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் பாடம் அந்த முறை இரண்டு பாடவேளை போனது. அவர் கவனித்தவர்கள் எல்லோரும் வேதத்தில் சேர்ந்தார்களா என்று ஒரு பையன் கேட்டான். இல்லை என்றார் ஆசிரியை.

அதற்குப் பின்

ஒரு சைவக் குடும்பம் இரண்டு பிள்ளைகளையும் விலக்கி அரச பாடசாலையில் சேர்த்தது. பேசிப் பார்த்தும் பயனில்லை. கத்தோலிக்கப் பெற்றோர் ஒருவர், பிள்ளையார் படம் மாட்டியதற்காகப் பாடசாலை நிகழ்ச்சிகளுக்கு வருவதை இன்னும் நிறுத்தியே வைத்திருக்கிறார்.

சிறுவன் தங்கினான். சம்பவத்துக்குப் பின் சில நாள் அவன் கோயில் பக்கமே பார்க்காமல் மதிலோரமாகச் சுற்றிப் போனதாக வகுப்பாசிரியை சொன்னார். சத்தம் போட்ட ஆசிரியை அவனைத் தனியே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். மூன்றாம் தவணையில் சைவ வகுப்புப் பிள்ளைகள் தேவாரம் பாடக் கேட்டேன். நூலக அறையின் தகரக் கூரையில் மழை கொட்டியும் அவர்கள் குரலை விடவில்லை. அடுத்த திருநாளுக்குத் துண்டு அனுப்பியபோது சைவப் பெற்றோரில் பாதிக்கு மேல் "வரலாம்" என்று எழுதியிருந்தார்கள். அவன் தாயும் அப்படியே எழுதியிருந்தார். அவன் வந்தான், இடத்தில் இருந்தான், வாசலில் குருவிடம் ஆசீர் வாங்க நின்றான்.

ஞாயிறு மறைக்கல்வியில் முதல் நன்மை ஆயத்தத்தை நாங்கள் நீட்டினோம். ஒத்திகை கடைசி வாரம் மட்டும். அதற்கு முன் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தனித்தனியே, தம் சொந்த வார்த்தையில், அந்தோனியார் பாணுக்கும் நற்கருணைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத பிள்ளை தள்ளிப் போவதில்லை; மறுபடியும் உட்கார்ந்து பேசுகிறோம்.

மாற வேண்டியவை

பாடசாலையில் சேர்க்கும் நாளிலேயே சைவப் பெற்றோரிடம் எல்லாவற்றையும் வாய்ச்சொல்லாக விளக்க வேண்டும்: என்ன செபம் சொல்வோம், எதற்கு உங்கள் சம்மதம் கேட்போம், உங்கள் சமயத்தை யார் கற்பிப்பார் என்று. படிவத்தில் கையெழுத்து வாங்குவது மட்டும் போதாது. அவர்களாக வந்து கேட்பார்கள் என்று காத்திருக்கவும் முடியாது. அந்தத் தாய் சொன்னதைக் கேட்ட பிறகு அப்படிக் காத்திருக்க எனக்கு மனம் வராது.

அந்தோனியார் பாண் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்திவிடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. நான் எதிர்த்தேன். இரண்டு சமயத்தவரும் ஒன்றாகக் கைநீட்டும் இடம் இந்த ஊரில் அதுதான். கொடுக்கும் முன் இது என்ன, ஏன் என்று பிள்ளைகளுக்கு இரண்டு நிமிடம் சொன்னால் போதும்.

வாணி விழா (நவராத்திரியில் நடக்கும் சரஸ்வதி பூசை) பற்றிய பேச்சு இன்னும் தீரவில்லை. சைவப் பெற்றோர் பாடசாலை மண்டபத்தில் நடத்தக் கேட்கிறார்கள். இப்போதைக்கு அன்று பிள்ளைகளை நேரத்தோடு அனுப்பி, தோட்டத்துக் கோயிலில் நடக்கும் பூசைக்குப் போக விடுகிறோம். ஆசிரியர்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு உடம்பு சரியில்லாததால் தரம் 5 சைவ வகுப்பு மீண்டும் ஆட்டம் கண்டிருக்கிறது. தரம் 1, 2க்கு இன்னும் ஆளில்லை. வலயப் பணிமனைக்கு இரண்டாவது விண்ணப்பம் போயிருக்கிறது. இந்த முறை பங்குத்தந்தையும் மாரியம்மன் கோயில் குழுவும் சேர்ந்து கையெழுத்திட்டிருக்கிறார்கள். பதில் வரும்வரை அந்தப் பாடவேளைகளை எடுக்கத் தோட்டத்திலிருந்தே உயர்தரம் முடித்த ஒரு பெண்ணைக் கேட்டிருக்கிறோம். அடுத்த தவணையிலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.